மேட்டு விருந்துக்குப் போன கீரி

பொட்டல்காட்டுக் கீரிகள் ஏழெட்டுப் பேர் கடலோரத்து அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். கூட்டி வந்தவன் நரி. இரண்டு காட்டுக்கும் நடுவே மூன்று மலை. வழி நரிக்குத்தான் தெரியும். அதனால் அவன் வைத்ததுதான் சட்டம்.

"இங்கத்த சாப்பாட்டைத் தொடக் கூடாது! இங்கத்த ஆளுங்களோட பேச்சு வச்சுக்கக் கூடாது! பொழுது சாஞ்சா பொந்தை விட்டுத் தலை நீட்டக் கூடாது!"

பிறகு எதற்கு இவ்வளவு தூரம் வருவது? துடுக்கி என்கிற கீரியும் அதைத்தான் கேட்டாள்.

"நரியண்ணே, நீங்க மூட்டை கட்டிட்டு வந்த இந்த வெட்டுக்கிளி வத்தலை நம்ம ஊர்லயே தின்னிருக்கலாமே! இதுக்கா மூணு மலை ஏறி இறங்கினோம்?"

"வாயை மூடு!" என்றான் நரி.

அன்று பௌர்ணமி. பொழுது சாய்கிற நேரம், அவர்கள் தங்கியிருந்த கரையோரப் பொந்தின் வாசலில் ஒரு நீர்நாய் வந்து வாலால் தட்டினாள்.

"விருந்தாளிங்களா, வாங்க! இன்னைக்கு ஊரே மேட்டுலதான். நண்டு இருக்கு, சிப்பி இருக்கு, விடிய விடிய ஆட்டம் இருக்கு!"

"நாங்க கௌரவமானவங்க. கூத்தடிக்கிற கும்பலோட சேர மாட்டோம்!" என்று நரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இத்தனை தடவை வந்தும் அந்த ஊராரோடு அவன் ஒரு வார்த்தை பேசினதில்லை; பௌர்ணமிக்குத் தங்கினதும் இல்லை.

துடுக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசல் தேடி வந்து கூப்பிடுகிறவளை இப்படியா பேசுவது?

"நான் வரேன்க்கா!"

"காலை வெளியே வச்சே, திரும்பி வராதே! ஊருக்கும் உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். இங்கேயே கிட!" என்று நரி சீறினான்.

துடுக்கி தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று மலையைத் தனியாகத் தாண்ட முடியுமா? மற்ற கீரிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தராவது வாய் திறக்க வேண்டுமே! அதைப் பார்த்ததும் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கூட்டிட்டுப் போகாட்டி போங்க! பொந்துக்குள்ள படுத்துத் தூங்கவா நான் வந்தேன்?" என்று வெளியே குதித்தாள்.

மேட்டில் என்ன ரகளை! காட்டுப்பூனைகள் பாட, கொக்குகள் ஆடின. அந்த ஊரில் யாரும் தன் நண்டைத் தானே தின்பதில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு உடைத்துக் கொடுக்க வேண்டும். அவர் நமக்கு உடைத்துக் கொடுப்பார். துடுக்கி முதலில் முழித்தாள். பிறகு ஒரு நண்டை உடைத்து நீர்நாய்க்கு நீட்டினாள். கூட்டம் ஹோவென்று கத்தியது. அவள் வாய்க்கும் நண்டு வந்தது. அடடா, இதையா தொடக் கூடாது என்றான் அந்தப் பாவி!

"ஏன்க்கா, கரையிலேயே ஆடக் கூடாதா? மேடு ஏறி எதுக்கு வரணும்?" என்று கேட்டாள் துடுக்கி.

"கரையிலயா? பௌர்ணமி ராத்திரி கடல் உள்ளே ஏறிரும்ல! பொந்தெல்லாம் முழுகிரும். அசந்து தூங்கிறக் கூடாதுன்னுதான் இந்த ஆட்டமே! ஆமா, உங்க ஆளுங்க வேற மேட்டுக்குப் போயிட்டாங்கதானே?"

துடுக்கி கையிலிருந்த நண்டைப் போட்டாள். விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். பொந்து வாசலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"எழுந்திருங்க! கடல் வருது!"

"நம்பாதீங்க! உங்களையும் கூத்துக்கு இழுக்கப் பார்க்கிறா!" என்று நரி வாசலை மறித்தான்.

"நகருங்க, இல்லாட்டி கடிப்பேன்!"

நகரவில்லை. கடித்தாள். "ஐயோ!" என்று நரி துள்ளி விலக, கீரிகள் அவள் பின்னாலேயே மேட்டுக்கு ஓடினார்கள். நரியும் தொப்பலாக நனைந்து பின்னால் வந்து சேர்ந்தான். அப்போதும் வீம்பு போகவில்லை.

"சட்டத்தை மீறினவளை நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்!"

"அப்போ எங்களையும் கூட்டிட்டுப் போக வேண்டாம்!" என்றார்கள் கீரிகள் ஒரே குரலில்.

துடுக்கி நரியின் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றாள்.

"வந்த வழியெல்லாம் நம்ம வாடை கிடக்கு. எங்களுக்கும் மூக்கு இருக்கு! எப்போ தோணுதோ அப்போ கிளம்புவோம். நாளைக்கும் நாங்க இங்கே ஆடத்தான் போறோம். உங்களால ஆனதைப் பாருங்க!"

வந்த ஊரோடு உண்ணாமல், ஆடாமல் ஒதுங்கி நிற்பவன், அந்த ஊர் தரும் பாதுகாப்பையும் சேர்த்தே இழக்கிறான்.