பூவாத்தா கேட்ட கடல்

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் நம்மைப் போலவே பேசி, நம்மைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சண்டை போட்டுக்கொண்டிருந்த நாளில், மலைக்காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மனிதர்கள் இல்லை. கீழ்நாட்டு விலங்குகள்தான். இன்றைக்கு கேட் போட்டு, டிக்கெட் கிழித்து, வேனில் ஏற்றி, தேசியப் பூங்கா என்று காட்டுகிறார்களே, அதே காடுதான். தை பிறந்து பனி விலகினால் போதும். மயில்கள் குடும்பம் குடும்பமாக ஏறி வரும். முயல்கள் பிள்ளைகுட்டியோடு வரும். நரி தன் மாமியார் வீட்டார் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்து, வந்த இடத்தில் எல்லாவற்றுக்கும் குறை சொல்லும்.

பார்க்க இடங்களுக்கும் பஞ்சமில்லை. பெரிய அருவி ஒன்று. யானைகள் உப்பு மண் தின்ன வரும் பள்ளம் ஒன்று. வரையாடுகள் காலை எங்கே வைக்கின்றன என்றே தெரியாமல் ஏறி நிற்கும் செங்குத்துப் பாறை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, மலையின் உச்சியில், கடல்பாறை. வானம் துடைத்து வைத்தாற்போல இருக்கும் நாளில் அங்கே போய் மேற்கே பார்த்தால் தூரத்தில் கடல் தெரியும்.

இவ்வளவையும் சுற்றிக் காட்டும் வேலை சடையன் என்ற இருவாச்சிப் பறவையுடையது. மஞ்சள் அலகு, அதன் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல ஒரு கொம்பு, நீண்ட வால். ஆள் பார்வைக்கே அதிகாரிபோல இருப்பான். பேச்சும் அப்படித்தான். அருவியைத் தானே வெட்டி, தானே தண்ணீர் விட்டதுபோலப் பேசுவான்.

"இந்தாருங்க, இதுதான் அருவி. சித்த பின்னால தள்ளி நில்லுங்க, வழுக்கும். விழுந்தா நான் பொறுப்பில்லைங்க. ஏனுங்க மயிலக்கா, எப்படி இருக்குது? இது மாதிரி பாத்திருக்கீங்களா?"

"இல்லவே இல்ல தம்பி!" என்று மயில் வாயைப் பிளக்கும். சடையனுக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

அவன் மனைவி பூவாத்தா. அடிவாரக் காட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். வந்த நாளிலிருந்து கூடு கட்டவும், இரை தேடவும், கூட்டைப் பார்த்துக்கொள்ளவுமே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது. அந்த நாளில் இருவாச்சிக்கும் காக்கையைப் போலக் கிளைமேல் திறந்த கூடுதான். மாலையில் சடையன் வந்து, இன்றைக்கு யார் வந்தார்கள், எதைப் பார்த்து எப்படி வியந்தார்கள் என்று கதை கதையாகச் சொல்வான். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அருவியைக்கூட அவள் அப்போது பார்த்ததில்லை. நம்பித்தான் ஆகவேண்டும், இப்படிப்பட்ட வீடுகள் இன்றும் உண்டு.

"ஊருக்கெல்லாம் காட்டறீங்க. எனக்கு எப்பங்க?" என்று கேட்பாள்.

"நீ எங்க அம்மிணி போயிரப் போறே? இங்கயேதான இருக்கே. அவங்க வந்துட்டு அன்னிக்கே போறவங்க. அவங்களுக்கு மொதல்ல காட்டிரலாம்."

"மத்ததெல்லாம் இருக்கட்டுங்க. அந்தக் கடல். அது எப்படி இருக்கும்?"

"பெருசா இருக்கும்."

"அருவியை விடவா?"

"அதை விட."

"என்ன நெறம்?"

"பாத்தீன்னா தெரிஞ்சுக்குவே. தூங்கு."

அவளுக்கு எங்கே தூக்கம் வரும்? கண்ணை மூடினால், நிறம் தெரியாத பெரிய ஒன்று வந்து நின்றது. கடலைப் பற்றி அவ்வளவு ஆசையாக அதற்கு முன் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு தை மாதம் பூவாத்தா தன் முதல் முட்டையை இட்டாள். வெள்ளை முட்டை. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாலும், உள்ளுக்குள் ஒரு கணக்கும் ஓடியது. குஞ்சு வந்துவிட்டால் இனி எங்கும் நகர முடியாது.

"ஒருக்கா கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். "வெயில் ஏறுனா முட்டை தானா சூடா இருக்கும். உச்சிப்பொழுதுக்குள்ள வந்தர்லாம். இனிமே கேக்கவே மாட்டேன்."

அவள் இப்படிக் கெஞ்சியதை அவன் கேட்டதில்லை. சரி என்றான். விடிந்ததும் முட்டையை இலையால் மூடிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். பறக்கும்போது பூவாத்தா ஒரு தடவை சிரித்தாள், காரணம் எதுவும் இல்லை.

அருவிக்கு வந்தபோது அங்கே ஒரு கூட்டம் நின்றிருந்தது. நரியின் வீட்டார்.

"அட, வாப்பா சடையா! உன்னைத்தான் காலையிலிருந்து தேடறோம். இது என்ன, தண்ணிதானே விழுது? இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?"

அருவியை ஒருவர் குறை சொல்லி, சடையன் சும்மா போனான் என்று இருக்குமா? "சித்த இரு அம்மிணி. இவங்களுக்கு மட்டும் எடுத்துச் சொல்லிட்டு வந்தர்றேன்" என்று கீழே இறங்கினான். எடுத்துச் சொன்னான். நரி மடங்கியது. அதற்குள் மயில்கள் வந்தன. உப்புப் பள்ளத்துக்கு வழி கேட்டன. வழி சொன்னால் புரியவில்லை, கூடவே போனான். திரும்பி வரும்போது முயல்கள்.

பூவாத்தா அருவிக்கு எதிரே ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியது. பிறகு சாய்ந்தது. அவன் ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் பறக்கும்போதும் "இதா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். கடைசியில் அவன் நிஜமாகவே வந்தபோது அவள் சொன்னாள்: "கடல் வேண்டாங்க. கூட்டுக்குப் போலாம். முட்டை ஆறிரும்."

கூட்டில் முட்டை இல்லை. ஓடு கிடந்தது. உடும்பு ஒன்று நிதானமாக மரத்தைவிட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

பூவாத்தா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சடையன் பிழைத்துக்கொண்டிருப்பான். அவள் அந்த வெறும் கூட்டிலேயே போய் உட்கார்ந்தாள். முட்டை இருந்த இடத்தின் மேல், முட்டை இருப்பதைப் போலவே உட்கார்ந்தாள். அவன் கொண்டுவந்து வைத்த அத்திப் பழங்கள் காய்ந்து உதிர்ந்தன.

மறு வருஷம் தை வந்தது. பூவாத்தா ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் நுழைந்து சுத்தம் செய்யத் தொடங்கினாள். பிறகு ஈரமண்ணையும் பழச்சக்கையையும் குழைத்து, பொந்தின் வாசலில் பூசினாள்.

"என்ன பண்றே?" என்று சடையன் பதறினான்.

"கதவு போடறேங்க. நீங்களும் வெளிய இருந்து பூசுங்க. உங்க அலகு நொழையற அளவுக்கு ஒரு சந்து மட்டும் விட்டாப் போதும். எந்த உடும்பும் வர முடியாது."

"நீ எப்படி வெளிய வருவே?"

"வரமாட்டேன். குஞ்சு தேறற வரைக்கும்."

சொல்லிவிட்டு அவள் தன் சிறகைப் பிரித்து, பறக்க உதவும் நீண்ட இறகுகளை ஒவ்வொன்றாக அலகால் இழுத்துப் பிடுங்கினாள். சடையன் கத்திவிட்டான்.

"பதறாதீங்க" என்றாள் அவள். "எனக்கு இன்னமும் அந்த ஆசை போகலீங்க. கடல்னு நெனச்சாலே எறக்கை தானா விரியுது. முட்டையை வச்சுக்கிட்டு என்னை நான் நம்ப மாட்டேன். இது இருந்தாத்தான பறக்கத் தோணும்?"

அவன் வெளியே நின்று மண் பூசினான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் மறைந்தது. கடைசியில் ஒரு சந்தும், அதற்குள் ஒரு கண்ணும் மட்டும் மிச்சம்.

அதன்பிறகு அவள் வயிற்றுக்கு அவன்தான் பொறுப்பு. தொண்டை நிறையப் பழங்களை அடக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சந்து வழியாக ஊட்டினான்.

"இது எங்கத்துப் பழங்க?" என்று முதல் நாளே கேட்டாள்.

"அருவிக்கு மேல ஒரு அத்தி மரம்."

"அருவியில இப்பத் தண்ணி எப்படி விழுது?"

சடையன் நினைத்துப் பார்த்தான். இத்தனை வருஷமாக அத்தனை பேரை அங்கே கூட்டிப் போனான். ஆனால் அருவியைப் பார்த்ததே இல்லை. வந்தவர்களின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறான். வாய் எவ்வளவு திறக்கிறது, கண் எவ்வளவு விரிகிறது, தன்னை யார் புகழ்கிறார்கள் என்று. அந்த முகங்களுக்குப் பின்னால் அருவி பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் அவன் அருவிக்கு எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்தான். வந்து சொன்னான்: "நடுவுல ஒரு கல்லு இருக்குது அம்மிணி. அதுல பட்டுத் தண்ணி ரெண்டாப் பிரியுது. கீழ போயி ஒண்ணாச் சேந்துக்குது." சந்துக்குள் அந்தக் கண் பளபளத்தது. இன்னொரு நாள் உப்பு மண்ணுக்கு வந்த குட்டி யானை தும்மியதைச் சொன்னான். இன்னொரு நாள், வரையாடு ஒன்று பாறை விளிம்பில் நின்றபடியே தூங்கியதைச் சொன்னான்.

அவள் கடலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததுதான் அவனைக் குடைந்தது. ஒரு நாள் காலையிலேயே கடல்பாறைக்குக் கிளம்பினான். பாறையில் போய் உட்கார்ந்து மேற்கே பார்த்தான். முதல்முறையாகப் பார்த்தான். பார்த்தவனுக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. இதை எந்தச் சொல்லில் கொண்டுபோவது என்று தேடியே பொழுது போய்விட்டது.

அவன் பொந்துக்குத் திரும்பியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அலகை உள்ளே நீட்டினான். அவள் அதை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு அழுகை.

"வந்துட்டீங்களா? செத்துட்டீங்கன்னு நெனச்சேங்க. எனக்கு உள்ள எதுவும் தெரியலைங்க. நீங்க வர்றதும் கேக்கறதில்ல, போறதும் கேக்கறதில்ல. அலகு உள்ள வந்தாத்தான் உசுரோட இருக்கீங்கன்னே தெரியுது. அது வரைக்கும் இந்த இருட்டுல நான் என்னத்தைப் புடிச்சுக்கறது?"

"கடலைப் பாத்துட்டு வந்தேன், உனக்குச் சொல்றதுக்கு..."

"கடல் கெடக்கட்டுங்க. நீங்க வர்றது எனக்குத் தெரியோணும்."

அந்த நாளில் இருவாச்சி பறந்தால் ஆந்தை பறந்தாற்போல, சத்தமே இருக்காது. சிறகின் அடிப்பக்கம் பஞ்சுபோல மெல்லிய இறகுகள் காற்றை அடக்கிவிடும். சடையனின் தொழிலே அதில்தான் நடந்தது. விருந்தாளிகளுக்கு முன்னால் பறந்து போனால் உப்புப் பள்ளத்தில் நிற்கும் ஒரு மான்கூடத் தலை தூக்காது. அதனால்தான் அவனோடு போனவர்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

சடையன் அந்தக் கிளையிலேயே நின்று சிறகைத் தூக்கினான். அடியிலிருந்த மெல்லிய இறகுகளைப் பிடுங்கினான். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம். பிடுங்கியதை வீணாக்காமல் சந்து வழியாக உள்ளே தள்ளினான்.

"முட்டைக்கு அடியில போட்டுக்க" என்றான். பிறகு ஒரு சுற்றுப் பறந்தான்.

காடே திடுக்கிட்டது. புயல் ஒன்று மரங்களுக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டு போனதுபோல அப்படி ஒரு இரைச்சல். குரங்குகள் கிளைவிட்டுக் கிளை தாவின.

மறுநாளே அவன் தொழில் முடிந்தது. அவன் வரும் சத்தம் கேட்டதும் மான்களும் யானைகளும் பள்ளத்தைக் காலி செய்துவிட்டன. "என்னப்பா இது?" என்று நரி எரிந்து விழுந்தது. "உன்னோட வந்தா ஒரு எலியைக்கூடப் பாக்க முடியாது போலிருக்கே!" மயில்கள் வேறு வழிகாட்டியைத் தேடிப் போய்விட்டன. சடையனுக்கு வருத்தம் இல்லை என்றால் அது பொய். அருவிப் பக்கம் போகும்போதெல்லாம், "எப்படி இருக்குது?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்க ஆளில்லை.

ஆனால் பொந்துக்குள் பூவாத்தாவுக்கு இருட்டு இல்லாமல் போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தோடு போவாள். இதோ அருவிக்கு மேலே திரும்புகிறார். இதோ பள்ளத்தைத் தாண்டுகிறார். சத்தம் மெலிந்து மெலிந்து நின்றால் கடல்பாறையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கேயே அவளும் உட்கார்ந்திருப்பாள். பிறகு தூரத்தில் மறுபடி அது எழும்பும். எழும்பும்வரை அவளுக்கு மூச்சு திரும்பாது.

குஞ்சு பொரித்தது. வளர்ந்தது. பூவாத்தாவுக்குப் புது இறகுகள் முளைத்தன. ஒரு நாள் மண்ணைக் கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குஞ்சு உள்ளேயிருந்தே வாசலை மறுபடி பூசிக்கொண்டது. அம்மாவின் பிள்ளை, சொல்ல வேண்டுமா?

சடையன் அவளைக் கடல்பாறைக்குக் கூட்டிப் போனான். வழியில் யார் கூப்பிட்டும் நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால், யாரும் கூப்பிடவில்லை. வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. பூவாத்தா பாறையில் இறங்கி மேற்கே பார்த்தாள். சிறகு தானாக விரிந்தது.

"இத்தனை பெருசை நெஞ்சுல தூக்கிக்கிட்டா அன்னிக்கு வந்தீங்க?" என்றாள். "நான் சொல்லக்கூட விடலியே."

அடுத்த தை வந்ததும் அவளே ஒரு பொந்தைத் தேடி உள்ளே போனாள், அவளே இறகைப் பிடுங்கினாள். அவளுக்கு ஒவ்வொரு வருஷமும் இறகு திரும்ப முளைத்தது. அவனுக்குச் சிறகின் அடியில் அது மறுபடி முளைக்கவே இல்லை.

அன்று முதல்தான் பெண் இருவாச்சி முட்டையிடும் காலத்தில் தன்னைத்தானே பொந்துக்குள் வைத்து அடைத்துக்கொள்கிறது. ஆண் இருவாச்சி பறந்தால் மலை அதிரச் சத்தம் கேட்கிறது. இன்றைக்கும் அந்தக் காட்டுக்குள் வேனில் போகிறவர்கள் தலைக்கு மேலே அந்த இரைச்சல் போகும்போது பேச்சை நிறுத்துவார்கள், செல்போனைத் தூக்கிப் பிடிப்பார்கள், என்ன ஒரு சத்தம் என்பார்கள். அது அவர்களுக்காகப் போடுகிற சத்தம் இல்லை. ஏதோ ஒரு மரத்துக்குள், இருட்டில், ஒருத்தி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.