ஃபலேசி வீட்டுப் பூசணிக்காய்

“பாஸ்டர், நான் ஊருக்கே போயிருதேன். இங்க நான் எதுக்கும் லாயக்கில்லை.”

ஞானாபரணம் இப்படிச் சொன்னபோது பாஸ்டர் லிம்பானி சபையின் மண்தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், பஸ் எட்டிப் பார்க்காத ஒரு கிராமத்துச் சபை அது.

ஞானாபரணம் தூத்துக்குடிப் பக்கத்து வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு ஊழியம் கற்றுக்கொள்ள அங்கே போனவர். பாஸ்டருக்கு இவருடைய மகன் வயசுதான் இருக்கும். இருந்தால் என்ன, குரு குருதானே.

“என்ன ஆச்சு, ஐயா?”

“ஃபலேசி கதவைத் திறக்க மாட்டேங்கா. மாவைத் தூக்கிட்டுப் போய் வாசல்ல நிக்கேன். ‘ஓடி, ஓடி’ன்னு கூப்பிடுதேன். உள்ள பிள்ளை பசியில அழுத சத்தம் கேக்கு. பதிலே இல்லை.”

‘ஓடி’ என்பது அந்த ஊரில் வாசலில் நின்று கொடுக்கும் குரல். உள்ளேயிருந்து ‘ஓடினி’ என்று பதில் வந்தால்தான் நுழையலாம்.

மழைக்காலம் பாதி. மக்காச்சோளம் இன்னும் முற்றவில்லை. போன வருஷத்துச் சோளம் எல்லார் வீட்டிலும் தீர்ந்துவிட்டது. சபையார் சேர்த்துத் தந்த மாவை வீடு வீடாகக் கொண்டுபோவது ஞானாபரணத்தின் வேலை. ஃபலேசி புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் வீட்டுக்கு மாவு போகாவிட்டால் அந்தப் பிள்ளை தாங்காது.

“முதல் தடவை வாங்கிக்கிட்டாளா?”

“வாங்கினாளே. மண்டி போட்டு, கை தட்டி நன்றி சொன்னா. உடனே கொல்லைக்கு ஓடி ஒரு பூசணிக்காயைப் பறிச்சிட்டு வந்து நீட்டினா.”

“நீங்க?”

“எப்படி பாஸ்டர் வாங்குவேன்? மனசு கேக்கலை. ‘பிள்ளைக்கே பத்தாது, நீயே வச்சுக்கோம்மா’ன்னு அவ கையிலேயே திருப்பி வச்சிட்டு வந்தேன்.”

பாஸ்டர் குனிந்து குப்பையை அள்ளினார்.

“போறதுன்னா போங்க” என்றார்.

அவ்வளவுதான்.

ஞானாபரணம் அறைக்குப் போய் ஒரு பாட்டிலோடு திரும்பி வந்தார். மனைவி போட்டுக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய். அதுதான் கடைசிப் பாட்டில்.

“மலேரியாவில நான் கிடந்தப்ப என் வாந்தியை அள்ளிப் போட்டது நீங்க. பெத்த பிள்ளைகூட அப்படிப் பாக்காது. செத்தாலும் மறக்க மாட்டேன். இதை வச்சுக்கோங்க.”

பாஸ்டருக்கு அந்த ஊறுகாய் என்றால் உயிர். மக்காச்சோளக் களிக்குத் தொட்டுக்கொண்டு விரலை நக்குவார். இன்றைக்குப் பாட்டிலை ஞானாபரணத்தின் கையிலேயே திருப்பி வைத்தார்.

“உங்களுக்கே பத்தாது, ஐயா. நீங்களே வச்சுக்கோங்க.”

ஞானாபரணத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“ஆசை ஆசையாக் கொடுக்கேன். வேண்டாம்னா என்ன அர்த்தம்? நான் என்ன பிச்சைக்காரனா, உங்ககிட்ட வாங்க மட்டும்...”

பேச்சு பாதியில் நின்றது.

பாஸ்டர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தார்.

ஞானாபரணம் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினார்.

“ஐயா! பாட்டிலை வச்சிட்டுப் போங்க!”

ஃபலேசி வீட்டு வாசலில் மூச்சு இரைக்க நின்றார்.

“ஓடி!”

பதில் இல்லை.

“ஃபலேசி, நான் மாவு கொண்டு வரலைம்மா. காலையில இருந்து சாப்பிடலை. அந்தப் பூசணிக்காய் இருக்கா?”

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது.

“ஓடினி.”

கதவு திறந்தது.

“அது அன்னைக்கே தீர்ந்துபோச்சு. கொடியில இன்னொண்ணு கிடக்கு. சின்னதுதான்.”

“சின்னதுன்னா என்ன? கொண்டா.”

அவள் கொல்லைக்கு ஓடிப் பறித்து வந்தாள். ஞானாபரணம் ஊறுகாய்ப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மண்டி போட்டார். இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் அன்றைக்குத் தட்டியதுபோலவே கை தட்டினார். கண் நிறைந்துவிட்டது. துடைக்கத் தோன்றவில்லை.

ஃபலேசி பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“ஆமா, மாவை எங்க வச்சிட்டு வந்தீங்க?”