நல்லாயி நிலத்து அடமானக் கல்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், ரொம்பப் பழைய காலம். வெண்கரை நாட்டை வச்சிரபாகு என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. எந்த நேரத்தில் எது வரும் என்று அவருக்கே தெரியாது. அந்த நாட்டில் யாராவது அரண்மனையில் கடன் வாங்கினால், அவர் நிலத்தில் முத்திரை போட்ட கல் ஒன்றை நட்டுவிடுவார்கள். கடன் அடைந்ததும் நட்ட அதிகாரியே வந்து பிடுங்க வேண்டும். வேறு யாராவது தொட்டால் கை போய்விடும். கல் நிற்கும்போதே நிலத்துக்காரர் கண்ணை மூடினால் நிலம் அரண்மனைக்குச் சேர்ந்துவிடும்.

நல்லாயி நிலத்திலும் அப்படி ஒரு கல் நின்றது. நிலம் புருஷன் மாரப்பன் பேரில். அவனும் அவளும் கிணறு வெட்ட வாங்கிய கடன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடைத்து, 'கடன் தீர்ந்தது' என்று ஓலையும் வாங்கிவிட்டார்கள். கல் மட்டும் அசையவில்லை.

"நட்டவர் செத்துப் போய்விட்டார். நான் என்ன செய்யட்டும்?" என்றார் கஜானா அதிகாரி சந்திரசூடன். மறுபடி போனால் நாள் சரியில்லை என்பார். அதற்கும் மறுபடி போனால் ஆள் இல்லை என்பார். அந்த மனுஷனுக்கு மந்திரி அறவாழி மேல் வயிற்றெரிச்சல். ஊரார் நிலத்தையெல்லாம் அரண்மனைக்குச் சேர்த்துக் கொடுத்தால் மந்திரிக்குக் கிடைக்கிற மரியாதை தனக்குக் கிடைக்குமாம். அடப்பாவி, அதற்கு ஏழை வயிற்றில்தானா அடிக்க வேண்டும்?

இதற்குள் மாரப்பன் படுத்த படுக்கையாகிவிட்டான். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. கண்ணைத் திறந்தால் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"கல்லைப் பிடுங்கிட்டாங்களா, புள்ள?"

"நாளைக்கு வர்றாங்களாம்" என்பாள் நல்லாயி. சொல்லிச் சொல்லி அவளுக்கே அந்தப் பொய் கசந்துவிட்டது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். அவன் போய்விட்டால் அந்தக் குழந்தைகளோடு எந்தத் தெருவில் போய் நிற்பது?

ஒரு நாள் விடியும்போதே அவனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரியைக் காவல் வைத்துவிட்டு, நல்லாயி ஓடிப்போய் அரண்மனை வாசலில் மந்திரியின் பல்லக்கை மறித்து உட்கார்ந்துவிட்டாள். அறவாழி இறங்கி வந்து முழுக்கக் கேட்டார்.

"உள்ளே வாம்மா. நீ ஒன்றும் பேச வேண்டாம், கூட நின்றால் போதும்" என்றார்.

சபை கூடியிருந்தது. மந்திரி ரொம்பப் பணிவாகக் கேட்டார். "சந்திரசூடரே, எனக்கு ஒரு சந்தேகம். கடன் தீர்ந்ததற்கு ஓலை இருக்கிறது, கல்லும் நிற்கிறது. எதை நம்புவது?"

"இதில் என்ன சந்தேகம்? ஓலையைக் கரையான் தின்னும். கல்லை எது தின்னும்? கல் நின்றால் கடன் நிற்கிறது. கடன் வாங்கியவர் செத்தால், இடம் கடன் கொடுத்தவருக்குத்தான். ராஜாவானாலும் இதுதான் சட்டம்."

"சபாஷ்" என்று ராஜா தொடையைத் தட்டினார். சபையே தலையாட்டியது. நல்லாயி மந்திரியைத் திரும்பிப் பார்த்தாள். இதற்குத்தானா கூட்டிவந்தார் இந்தப் புண்ணியவான்? வீட்டில் மூச்சு இருக்கிறதோ இல்லையோ என்று அவள் மனசு அங்கேயே கிடந்தது.

"அப்படியானால் மகாராஜா, உப்பு வணிகர்களுக்கு ஆள் அனுப்பட்டுமா? வந்து அரண்மனையை எடுத்துக்கொள்ளட்டும்" என்றார் மந்திரி.

"என்ன உளறுகிறீர்?"

"தாங்கள் காலை வைத்து யானை ஏறுகிறீர்களே ஒரு கல், அதில் என்ன செதுக்கியிருக்கிறது?"

ராஜா யோசித்தார். "தராசு."

"வணிகர்களின் முத்திரை. அரண்மனை கட்டத் தங்கள் பாட்டனார் அவர்களிடம் கடன் வாங்கியபோது நட்டது."

"அதை அவர் அடைத்துவிட்டாரே. ஊருக்கே விருந்து போட்டாரே."

"அடைத்தார். கல் நிற்கும்போதே காலமும் ஆகிவிட்டார். சட்டத்தைத்தான் அதிகாரி இப்போது சொன்னாரே. இன்று ராத்திரி மகாராஜா எங்கே படுப்பீர்கள் என்பதுதான் என் கவலை."

சபையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். சந்திரசூடன் முகத்தில் ஈயாடவில்லை. ராஜா முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

"இனிமேல் கடன் அடைந்த அன்றே கல் விழுந்ததாகக் கணக்கு. பழைய கடனுக்கும் அதுதான். சந்திரசூடரே, கடன் தீர்ந்த நிலத்துக் கல்லையெல்லாம் நீரே உம் கையால் பிடுங்கும். முதலில் இந்த அம்மாள் நிலம்."

மந்திரியின் வண்டியிலேயே மூவரும் நேராக நிலத்துக்குப் போனார்கள். கல் விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போய்ப் புருஷனிடம் சொல்ல வேண்டும் என்று நல்லாயி நின்றாள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்திரசூடன் கடப்பாரை பிடித்தார். கல் பாதி ஆடியபோது பக்கத்து வீட்டுக்காரி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். உச்சிப்பொழுதுக்கு முன்பே மாரப்பன் போய்விட்டானாம்.

நல்லாயிக்கு அழுகைகூட வரவில்லை. சந்திரசூடன் கடப்பாரையைக் கீழே வைத்தார். "கல் நிற்கும்போதே போய்விட்டான் போலிருக்கிறதே" என்று மெல்ல இழுத்தார்.

"கடன் அடைந்த அன்று உயிரோடுதான் இருந்தார். ராஜா வாக்கைத் திருப்பிச் சொல்லட்டுமா? தோண்டுங்கள்" என்றார் மந்திரி.

கல் விழுந்தது. ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு குழி. நிலம் அவளுடையதுதான், பிள்ளைகளுடையதுதான். அதைக் கேட்க வேண்டியவன் கேட்காமல் போய்விட்டான். நாளைக்கு, நாளைக்கு என்று அவள் சொன்ன பொய்தான் அவனோடு போயிருக்கிறது.

சந்திரசூடன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மண்ணைத் திரும்பத் தள்ளப் போனார். நல்லாயி அவர் கையைத் தடுத்தாள்.

"மூடாதீங்க சாமி. அவரை இங்கேயே வச்சுக்கிறேன். இன்னும் கொஞ்சம் நீளமா வெட்டுங்க, அவரு நல்ல உயரம்."