பயில்வான் தூக்காத மூட்டை

இளவட்டக்கல்னு பேர்பெற்ற அந்த உருண்டைக் கல்லைத் தூக்குறவனுக்குத்தான் ஜமீன் அரண்மனையில காவல் வேலை. வருஷா வருஷம் அதைத் தோள்மேல ஏத்திட்டு மீசையை முறுக்குவார் பழனியாண்டிப் பயில்வான்.

அந்த வருஷம் தோட்டக்காரன் ஒச்சப்பன் போட்டிக்கு வந்து நின்னான். ஒல்லி உடம்பு. தண்டாலும் பஸ்கியும்தான் அவன் பழக்கம்.

"காத்தடிச்சா பறக்கிற பய, கல்லைத் தூக்க வந்துட்டான்!" பயில்வான் சிரிச்சார்.

"கல்லு இருக்கட்டும் அண்ணே. முதல்ல அவங்கவங்க மூட்டையை அவங்கவங்க தூக்கிக் காட்டுவோம்" என்ற ஒச்சப்பன், எகிறி வேப்பங்கிளையைப் பிடிச்சான். மோவாய் கிளைக்கு மேல வர்ற வரைக்கும் உடம்பைத் தூக்கினான். "நம்ம உடம்புதான் அந்த மூட்டை!"

பயில்வானும் தொங்கினார். முகம் சிவந்துச்சு, இலை உதிர்ந்துச்சு, ஆள் மட்டும் ஏறலை.

"என் உடம்பு கனம்டா!"

"அதைவிடக் கனமான கல்லைத் தூக்குற ஆளாச்சே நீங்க!"

போட்டியைப் பார்த்துட்டிருந்த ஜமீன்தார் விழுந்து விழுந்து சிரிச்சார். "திருடன் மதிலேறி ஓடினா, கல்லைத் தூக்கிட்டா துரத்துறது? ஒச்சப்பா, நீயும் காவலுக்கு வா."

மறுநாள் விடியக்காலையில பயில்வான் வேப்பமரத்தடிக்கு வந்தார். "எனக்கும் சொல்லிக்குடுடா."

கிளையில தொங்கினவரோட காலுக்கடியில, கால் ஊன்றி எம்புறதுக்கு ஒச்சப்பன் அந்த இளவட்டக்கல்லை உருட்டி வச்சான். இத்தனை வருஷமா அவர் தூக்கின கல், அன்னிக்கு அவரைக் கொஞ்சம் தூக்கிவிட்டுச்சு.