கிழங்குத் தண்ணியில் எரிந்த அடுப்பு

இதை எனக்கு முதலில் சொன்னது, வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வரும் ரஞ்சிதம் அக்கா. என் சின்ன மகள் கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்க வந்த அன்றைக்கு, உலக்கையைக் கீழே வைக்காமலே சொன்னார்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்தவர் செங்கமலத் தாயார். வயசு நாற்பதுக்குள்தான். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த நாச்சப்பனுக்கோ அறுபது தாண்டிவிட்டது. தாயார் அவரை அண்ணா என்பார். அவர் இவரைத் தாயே என்பார்.

மடத்துக்கு மேற்கே ஒரு ஜவ்வரிசி மில். மரவள்ளிக் கிழங்கை அரைத்துக் கழுவின தண்ணியை அப்படியே ஓடையில் விட்டுவிடுவார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். நாச்சப்பன் கன்றிலிருந்து வளர்த்த மாடு ஒருநாள் அந்தத் தண்ணியைக் குடித்துவிட்டு, ஓடையோரமே விழுந்து செத்தது.

நாச்சப்பன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தாயார் வாசலில் மறித்தார்.

“எங்கேண்ணா?”

“அந்த மில்லுக்காரன் குழாயை உடைக்க.”

“உடைச்சா தண்ணி எங்கே போகும்?”

“ஓடைக்குத்தான்.”

“இப்ப எங்கே போகுது?”

நாச்சப்பன் பல்லைக் கடித்தார். “அப்ப என்னைச் சும்மா கிடக்கச் சொல்றீங்களா? சொல்லுங்க தாயே, கோபப்படறது பாவமா?”

தாயார் அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் ஓர் இடத்தைக் காட்டினார்.

“கடப்பாரையை எடுத்தாச்சுல்ல. இங்கே தோண்டுங்க.”

தோண்டின குழியில் தொட்டி கட்டி, காற்று புகாமல் மூடினார்கள். முதலில் சாணக் கரைசலை விட்டு ஊற வைத்தார்கள். பிறகு மில் தண்ணியைக் குடத்தில் கொண்டுவந்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். கொஞ்ச நாளில், தொட்டியிலிருந்து அடுப்புக்கு இழுத்த குழாய் வழியே எரிவாயு வந்தது. மடத்து அடுப்பு நீலமாக எரிந்தது. அன்னதானச் சோறு அதில் வெந்தது.

எல்லாரும் தாயாரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நாச்சப்பன் மட்டும் கும்பிடவில்லை.

“என் மாட்டைக் கொன்ன தண்ணியை நானே குடத்துல சுமக்கறேன். இங்கே ரெண்டு குடம் வருது, அங்கே ஆறு மாதிரி ஓடுது. இது ஒரு வேலையா தாயே?”

“இன்னைக்கு ரெண்டு குடந்தாண்ணா,” என்றார் தாயார்.

மறுநாள் தாயார் ஊருக்குள் போயிருந்த நேரம். நாச்சப்பன் மில் குழாயிலிருந்து ரப்பர் குழாய் போட்டு, தொட்டிக்குள் நேராகத் திருப்பிவிட்டார். “குடிடி, குடி! அவன் அழுக்கு மொத்தத்தையும் இன்னைக்கே குடி!” என்று பொழுதுக்கும் தொட்டியைப் பார்த்துக் கத்தினார்.

அடுத்த நாள் அடுப்பு விக்கி விக்கி எரிந்தது. அதற்கும் அடுத்த நாள் அவிந்தேபோனது. தொட்டிப் பக்கம் போனால் புளித்த வாடை மூக்கில் ஏறியது.

விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சமையல்காரி பாப்பாத்தி நாச்சப்பனிடம் சொன்னாள்: “அஜீரணம் உங்க தொட்டிக்கு, அவஸ்தை எனக்கா?”

நாச்சப்பன் தாயார் முன்னால் போய் நின்றார். “கெடுத்துட்டேன். என்னைத் துரத்திவிடுங்க.”

“சுண்ணாம்புத் தண்ணி கலக்குங்க. புதுச் சாணம் கொஞ்சம் விடுங்க. மில் தண்ணி ஒரு சொட்டு விடாதீங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“அதுக்குப் பசிக்கிற வரைக்கும்.”

நாச்சப்பன் தொட்டிப் பக்கத்திலேயே கிடந்தார். மில்லுக்காரன் மேல் கோபம், தன் மேல் கோபம், ஒரு வார்த்தைகூடத் திட்டாத தாயார் மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம். விறகைப் பிளந்து பிளந்து பாப்பாத்திக்குக் கொண்டுபோய்ப் போட்டார்.

ஒரு காலையில் அடுப்பு மறுபடி பிடித்தது. நாச்சப்பன் போய் ஒரே ஒரு குடம் மில் தண்ணி கொண்டுவந்து ஊற்றினார்.

விஷயம் கேள்விப்பட்டு மில் முதலாளி அர்த்தநாரி வந்தார். எரிகிற அடுப்பைப் பார்த்துச் சிரித்தார்.

“பரவாயில்லையே! நம்ம தண்ணியிலதான் சாமிக்கே சோறு வேகுது. வாசல்ல நம்ம பேரை ஒரு போர்டுல போட்டுடுங்க தாயே.”

தாயார் நாச்சப்பனைப் பார்த்தார். நாச்சப்பன் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் குரல் ஏறவில்லை.

“போடலாங்க. எங்க மாடு செத்து விழுந்த இடத்துல போடலாம். போறவங்க வர்றவங்க எல்லாரும் படிப்பாங்க.”

அர்த்தநாரி சிரிப்பை விழுங்கினார். தாயாரைப் பார்த்தார். தாயாரும் சிரிக்கவில்லை.

“என்ன செய்யணுங்கிறீங்க?”

“உங்க தண்ணி முழுசும் கொள்ற மாதிரி உங்க இடத்துலயே தொட்டி கட்டுங்க,” என்றார் நாச்சப்பன். “ஜவ்வரிசி வறுக்கறதுக்கு நெருப்பும் ஆச்சு. ஓடைக்கு ஒரு சொட்டு வரக் கூடாது. வந்தா போர்டு வைப்பேன். தினம் அங்கேயே நிப்பேன்.”

அர்த்தநாரி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கினார். “சரி, நாளைக்கு ஆளை அனுப்புங்க. இடத்தைக் காட்டறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நாச்சப்பன் வெடித்தார்.

“தப்புன்னு ஒரு வார்த்தை அவன் வாயில வந்துச்சா? எனக்கு அப்படியே எரியுது தாயே. இத்தனை நாள் உங்க கூட இருந்தும் என் கோபம் போகவே இல்லையே!”

“போக விட்டுடாதீங்கண்ணா,” என்றார் தாயார். “நாளைக்கு அங்கே போய்த் தோண்டணும்.”

கேட்டவர்கள், கோபத்தில் இருக்கிற யாருக்காவது இதைச் சொல்வதானால், முதலில் ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.