வாசலில் நிற்பவர்

சாகக் கிடப்பவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தவசி, நர்ஸ் ரெஜினா சிஸ்டரிடம் கற்றுக்கொண்டார். தவசிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சிஸ்டர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

முதல் வீட்டில் கிடந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். வெறும் மூலையைப் பார்த்து, "யாருப்பா அது, எவ்வளவு நேரம் நிப்ப?" என்றார்.

"அங்க யாருமில்லய்யா" என்றார் தவசி.

சிஸ்டர் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அந்த மூலையில் போட்டார். "வாங்க, உட்காருங்க" என்றார். கண்டக்டரின் முகம் தளர்ந்தது. சாயங்காலம் அவர் போய்ச் சேர்ந்தார்.

வெளியே வந்ததும் தவசி கேட்டார்.

"உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா சிஸ்டர்?"

"கூப்பிடாத வீட்டுக்குள்ள யாரு வருவாங்க அண்ணே?"

கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனாலும் அதன்பிறகு எந்த வீட்டிலும் தவசி தயங்கியதில்லை. செத்துப்போன மாமனார், கிணற்றில் விழுந்த தம்பி, யார் வந்து நிற்பதாகச் சொன்னாலும் "வாங்க" என்பார். சொன்ன வீட்டில் படுத்திருந்தவர் பெரும்பாலும் அன்றைய பொழுதைத் தாண்டியதில்லை.

நான்கு வருஷம் கழித்து அவர் மனைவி பஞ்சவர்ணம் படுத்தாள். ஈரலில் கட்டி. வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

தவசிக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வேளைக்கு மாத்திரை கொடுத்தார். முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைத்தார். ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைத்தார். அவள் கால்கள் மரத்துப்போய், அசைக்க முடியாமல் ஆகிவிட்டன.

பதினோராம் நாள் அவள் வாசலைப் பார்த்தாள்.

"அக்கா வந்திருக்கு."

அவளுடைய அக்கா இறந்து இருபது வருஷம்.

"வெயில்ல நிக்குது. வாங்கன்னு சொல்லுங்க."

தவசி வாயைத் திறந்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலையில் அவள் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நிக்குது."

"தூங்குடி."

"கல்யாணத்தன்னைக்கே எங்க வீட்டு ஆளுகள வாங்கன்னு கேக்காத மனுசன். இப்பவா கேக்கப்போறீங்க?"

"அங்க யாருமில்ல."

சொன்னபிறகுதான், கண்டக்டர் வீட்டில் தான் சொன்ன அதே வார்த்தை என்று அவருக்கு உறைத்தது.

"அது கதவத் தட்டாது" என்றாள். "அது நிக்கிறப்ப நான் எப்படித் தூங்குறது?"

ஜன்னல் வழியாகப் பார்த்தார். படியில் வெயில் மட்டும் கிடந்தது. எப்போதும் அங்கே படுத்திருக்கும் தெருநாய் எதிர்வீட்டு வாசலுக்கு மாறியிருந்தது.

மூன்று நாள். மாத்திரைக்கு வலி அடங்கியது. கண் அடங்கவில்லை.

தவசி சிஸ்டருக்குப் போன் செய்தார்.

உச்சிவெயிலில் சிஸ்டர் வந்தார். எதிர்வீட்டு வாசலில் கிடந்த நாயை ஒருமுறை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி நின்றார். நடுப்படியில் இல்லை, ஓரமாக, சுவரை ஒட்டி.

தவசி கதவைத் திறந்து, ஒரு கையை நிலையில் ஊன்றியபடியே பேசினார்.

"நாப்பது வீட்டுல சொன்னேன் சிஸ்டர். என் வீட்டுல நாக்கு எழும்பல."

"ம்."

"சொன்னா கூட்டிட்டுப் போயிரும். எனக்குத் தெரியும்."

சிஸ்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லாமலே விட்டுட்டா? இவ இருந்திருவாளா?"

சிஸ்டர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார்.

"ஏதாவது சொல்லுங்க சிஸ்டர். இருந்திருவாளா?"

"நான் வந்து எவ்வளவு நேரமிருக்கும் அண்ணே?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"கால் சுடுது."

தவசிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் சிஸ்டரை ஒருமுறைகூட வெளியே நிற்கவைத்ததில்லை.

உள்ளே பஞ்சவர்ணம் யாரிடமோ அலுத்துக்கொண்டாள். "பாரு இந்த மனுசன. ரெண்டு பேரையும் நிக்க வெச்சிருக்காரு."

தவசி திரும்பி அவளைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. மூன்று நாள் மூடாத கண் சிவந்திருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

பிறகு நிலையிலிருந்து கையை எடுத்தார்.

"வாங்க" என்றார். மறுபடி சொன்னார். "உள்ள வாங்க."

சிஸ்டர் உள்ளே வராமல், இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒதுங்கினார்.

கட்டிலில் பஞ்சவர்ணம், மரத்துக் கிடந்த கால்களை மெல்ல மடக்கி, ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.

"நீங்க வரலையா சிஸ்டர்?" என்றார் தவசி.

"எனக்கு முன்னாடி வந்தவங்க உட்காரட்டும் அண்ணே."