பாதியில் எழுந்தவர்

சௌந்தரவல்லி டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவரிடம் வீணை கற்க வந்த வைத்தியலிங்கமோ பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். குரு நரைத்தவராகவும் சீடன் மீசை அரும்பாதவனாகவும் இருப்பதுதான் இந்த மாதிரிக் கதைகளின் வழக்கம். இங்கே அது தலைகீழ். அவர்கள் இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தொன்பது வயதில் விட்ட வீணை. வடக்கே இரும்பு ஆலையில் அவர் வேலை பார்த்த காலமெல்லாம் அது ஊர் வீட்டில் உறைக்குள் கிடந்தது. இப்போது தந்தி மாற்றி எடுத்து உட்கார்ந்தால், விரல்கள் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி கிட்டே வர மறுத்தன. டீச்சர் அவரை முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து தொடங்கச் சொன்னார். அவரும் மறுபேச்சில்லாமல் தொடங்கினார். ஆனால் மனதில் ஒரே ஆசைதான். பத்தொன்பது வயதில் ஊரே மெச்சிய அந்தக் கை மறுபடி வர வேண்டும்.

ஒருநாள் உச்சிவேளையில் வீட்டில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தபோது, தம் வீணைக்கு அடியில் இன்னொரு வீணை கேட்டது. உள்ளங்கையால் தந்திகளை அமுக்கினார். அவருடையது நின்றது. மற்றது நிற்கவில்லை.

உள்ளறையிலிருந்து வந்தது. சிறு வயதில் அவர் சாதகம் செய்த அறை. வர்ணத்தின் பிற்பாதி, நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் நிஷாத ஸ்வரத்தை ஒரு நூல் கூடுதலாக இழுத்தது. அந்தத் தவற்றுக்காக வைத்தியலிங்கம் பழைய வாத்தியாரிடம் எத்தனையோ குட்டு வாங்கியிருக்கிறார்.

கதவைத் திறந்தார். சத்தம் நின்றது. ஆள் இல்லை. தரை முழுக்கத் தூசி. ஒருவர் சம்மணம் போட்டு உட்காரும் அளவு இடம் மட்டும் துடைத்தாற்போல் இருந்தது. கதவைச் சாத்தினார். விட்ட இடத்திலிருந்து வாசிப்பு தொடர்ந்தது.

டீச்சரிடம் போய்ச் சொன்னார். சிரிப்பார் என்று நினைத்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"யாருன்னு தெரியுதா?"

"தெரியுது. நான்தான்."

"பயமா இருக்கா?"

"பயந்தான். ஆனா துரத்திடாதீங்க டீச்சர். அந்தக் கை எனக்கு வேணும்."

"அப்போ கூடச் சேர்ந்து வாசிங்க."

வாசித்தார். உள்ளே இருந்தவன் ஓடினான். இவர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார். தினமும் விடிந்ததிலிருந்தே அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு ஆறிக் கிடந்தது. விரல் நுனி வெடித்து, வீணையின் பித்தளை மெட்டுகளில் ரத்தம் ஒட்டியது. ஒருமுறைகூட அவனை எட்ட முடியவில்லை. கன்னம் ஒட்டிப்போய் அவர் மறுபடி டீச்சர் வீட்டுக்கு நடந்தபோது, தெரிந்தவர்களே யாரோ என்று பார்த்தார்கள்.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு அவருடனேயே கிளம்பி வந்தார். உள்ளறைக் கதவுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தார். உச்சிவேளை ஆனதும் வாசிப்பு தொடங்கியது. டீச்சருக்கும் கேட்டது. தொடையில் மெல்லத் தாளம் போட்டார். கடைசி ஸ்வரக் கோவையின் நடுவில் வாசிப்பு சட்டென்று அறுந்தது. பிறகு முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் அறுந்தது.

"இந்த இடத்துல என்ன நடந்துச்சு?"

வைத்தியலிங்கம் சொன்னார். வேலைக்குக் கூட்டிப்போக வந்த மாமா வாசலில் நின்று அவசரப்படுத்தினார். தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. மிச்சத்தை வந்து வாசித்துக்கொள்ளலாம் என்று இவர் எழுந்துவிட்டார்.

வர்ணத்தின் பிற்பாதியில் ஒரு வரி உண்டு. ஒவ்வொரு ஸ்வரக் கோவையும் அந்த வரியிலிருந்து கிளம்பி அந்த வரிக்கே திரும்ப வேண்டும். திரும்பாமல் வீணையை விட்டு எழக் கூடாது என்பது வாசிப்பவர்களின் பழக்கம். கூரை பற்றி எரிந்தாலும் வரியை முடித்துவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கப் போவார்கள் என்று அவர்களைக் கேலி செய்வதுண்டு.

"வரிக்குத் திரும்பாமலா எழுந்தீங்க?"

வைத்தியலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் வீணையை எடுத்து அவர் மடியில் வைத்தார். உள்ளே அறுந்துபோகும் இடத்திலிருந்து மிச்சத்தை வாசித்து, வரிக்குத் திரும்பி, முடிக்கச் சொன்னார். வேகம் வேண்டாம், வருகிற அளவுக்கு வந்தால் போதும் என்றார்.

வைத்தியலிங்கம் தந்தியைத் தொடவில்லை.

"முடிச்சா அவன் போயிடுவானா?"

"போயிடுவான்."

"அப்போ அந்தக் கை?"

அந்த ஆசை ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஆலையின் புகையிலும் சத்தத்திலும் ஆயுளைக் கழித்திருந்தார்.

உள்ளே வாசிப்பு மறுபடி அந்த இடத்துக்கு வந்து அறுந்தது. இம்முறை முதலிலிருந்து தொடங்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுப்பது இருவருக்கும் தெரிந்தது.

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க அவன் கை வேணும்னு ஓடறீங்க ஐயா. அவன், உங்க கை வரும்னுதான் இத்தனை வருஷமா எழுந்திருக்காம உக்காந்திருக்கான்."

வைத்தியலிங்கம் வெடித்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அறுந்த ஸ்வரத்தின் மேல் வைத்தார்.